புரொஜெக்ட் ஒயிலர்: லூப் எழுதுமுன் கணக்குப் பார்க்கப் பழக்கும் தளம்

ஒன்றிலிருந்து நூறு வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையைக் காணச் செய்நிரல் எழுதுமாறு சொன்னால், ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் லூப் என்ற அமைப்பைப் படித்து முடித்த மாணவர் யோசிக்காமல் லூப் ஒன்றை எழுதிவிடுவார். அதே மாணவர் கணித பாடத்தில் கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகைச் சூத்திரத்தைத் தடுமாறாமல் ஒப்புவிப்பார். இரண்டு பாடங்களும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மட்டக்களப்பில் சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்பிக்கும் எனக்கு இது நெடுநாளாக உறுத்தும் விடயம். அந்தச் சந்திப்பை ஏற்படுத்த நான் பயன்படுத்திவரும் இலவச இணையத்தளமான புரொஜெக்ட் ஒயிலர் பற்றியே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கொலின் ஹியூஸ் என்பவர் 2001ஆம் ஆண்டில் கணிதப் புதிர்த் தளமொன்றின் ஒரு பகுதியாகத் தொடங்கிய இது, பின்னர் தனித் தளமாகி, இன்று 900க்கும் மேற்பட்ட வினாக்களைக் கொண்டிருக்கிறது. பிந்திய வினாக்கள் பல்கலைக்கழக மாணவர்களையே திணறடிக்கக்கூடியவை. தொடக்க வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கோ சாதாரண தரக் கணிதம் போதும். ஒவ்வொரு வினாவுக்கும் விடை ஓர் எண் மட்டுமே. கணக்கொன்றைப் பதிந்துகொண்டு அந்த எண்ணைக் கொடுத்தால், சரியா பிழையா என்று தளம் சொல்லிவிடும். எந்த மொழியில் எழுதினீர்கள், எழுதினீர்களா இல்லையா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. படுவான்கரையிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவர்களுள் வீட்டில் கணினி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். தாளிலும் பென்சிலிலும் கண்டுபிடித்த விடையைத் தொலைபேசி வழியாகவே கொடுத்துச் சரிபார்க்க முடிவது அவர்களுக்குப் பெரிய வசதி.

முதலாவது வினாவை எடுத்துக்கொள்வோம். 1000க்குக் கீழே உள்ள, 3 ஆல் அல்லது 5 ஆல் வகுபடும் எண்கள் அனைத்தின் கூட்டுத்தொகை என்ன என்பதே கேள்வி. வகுப்பில் எல்லையை 100 ஆகக் குறைத்து, முதலில் லூப்பினாலேயே செய்யச் சொல்வேன். 2318 என்று வரும். பிறகு கணினியை மூடிவிட்டு அதே விடையைத் தாளில் எடுக்கச் சொல்வேன். 3இன் மடங்குகள் 33. கூட்டல் விருத்திச் சூத்திரப்படி அவற்றின் கூட்டுத்தொகை 1683. 5இன் மடங்குகள் 19, கூட்டுத்தொகை 950. இரண்டையும் கூட்டினால் 2633 வருகிறது. லூப் தந்த விடையைவிட 315 கூடுதல். அந்த 315 எங்கிருந்து வந்தது என்று தேடும்போதுதான், 15, 30, 45 என்று 90 வரையுள்ள ஆறு எண்களும் இரண்டு பட்டியல்களிலும் இருந்ததால் இரு தடவை கூட்டப்பட்டன என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுகொள்கிறார்கள். தொடைகள் என்ற பாடத்தில் வென் வரிப்படம் வரைந்து படித்த விடயம் இங்கே வேலைக்கு வருகிறது. லூப் எழுதியவருக்கு, 'அல்லது' என்ற ஒரு சொல்லே இந்தச் சிக்கலை மறைத்துவிட்டிருக்கும்.

இன்னொரு பொறி, 'கீழே' என்ற சொல்லில் இருக்கிறது. 100ஐ 5 ஆல் வகுத்து 20 மடங்குகள் என்று எடுத்தவருக்கு, 100உம் சேர்ந்து 2418 வந்துவிடும். வகுக்க வேண்டியது 99ஐத்தான். லூப்பின் எல்லையைப் பிழையாக வைக்கும் மாணவரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார். இவ்வாறு சூத்திரத்தையும் லூப்பையும் சிறிய எல்லையில் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்திப் பார்க்கும் பழக்கம், சூத்திரத்தை மட்டும் கற்பித்தால் வராது. ஆகவே லூப் நன்றாகக் கைவந்த பின்னரே இந்தத் தளத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் 1000 என்ற எல்லை கற்பித்தலுக்குச் சிறியது. 999 சுற்றுகளைக் கணினி கண் இமைப்பதற்குள் முடித்துவிடுவதால், சூத்திரம் எதற்கு என்ற கேள்வி மாணவரிடம் நியாயமாகவே எழுகிறது. எல்லையை நூறு கோடியாக்கினால் நிலைமை மாறும்: பைதன் என்ற செய்நிரல் மொழியில் லூப் நிமிடக் கணக்கில் ஓடும், சூத்திரத்துக்கோ சில வகுத்தல்களும் பெருக்கல்களும் போதும். ஹக்கர்ராங்க் என்ற செய்நிரல் பயிற்சித் தளம் இதே வினாக்களைப் பெரிய எல்லைகளுடன் வெளியிட்டிருக்கிறது. அங்கே முதலாவது வினாவில் எல்லை நூறு கோடி வரை போகலாம், செய்நிரலைச் சரிபார்க்கும் அப்படிப்பட்ட சோதனைகள் ஓர் இலட்சம் வரை வரலாம். அங்கே ஒவ்வொரு சோதனைக்கும் லூப் ஓட்டித் தப்பிக்க வழியில்லை. இரண்டு தளங்களையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சிறந்தது.

பெரிய எல்லைக்குப் போகும்போது பைதனில் வகுத்தல் குறியைக் கவனிக்க வேண்டும். ஒற்றைச் சாய்கோடு தசம எண்ணைத் தரும். அது ஏறத்தாழ 16 இலக்கங்கள் வரையே நம்பத்தக்கது. நூறு கோடி எல்லைக்கான விடை 18 இலக்கங்கள் கொண்டதால் கடைசி இலக்கங்கள் பிழைத்துப்போகலாம். நிறைவெண் வகுத்தலுக்குரிய இரட்டைச் சாய்கோட்டையே பயன்படுத்த வேண்டும். பஸ்கால் மொழியில் எழுதுவோர் சாதாரண நிறைவெண் வகையை நம்ப வேண்டாம். பிரீ பஸ்கால் என்ற பஸ்கால் தொகுப்பியின் இயல்பு நிலையில் அது 32767ஐத் தாண்டாது, ஆகவே 1000 என்ற எல்லைக்கான கூட்டுத்தொகைக்கே போதாது.

ஆறாவது வினா, முதல் நூறு எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கத்துக்கும், அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கிறது. முதல் பத்து எண்களுக்கு இது 3025இலிருந்து 385 கழிய 2640. வர்க்கங்களின் கூட்டுத்தொகைச் சூத்திரம் இணைந்த கணிதம் படிப்போருக்குப் பழக்கமானது. மற்றவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை. ஐந்தாவது வினா அனைவருக்கும் உகந்தது. 1 முதல் 20 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணைத் தேடி மாணவர்கள் ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்கத் தொடங்கினால், கோடிக்கணக்கான சுற்றுகள் ஓடும். அது பொது மடங்குகளுட் சிறியது என்று கண்டுகொண்டவர், முதன்மைக் காரணிகளைத் தாளில் எழுதிச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார். 10 வரைக்குமான விடை 2520 என்று தளமே காட்டுவதால், வழி சரியா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தளத்தின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது, எல்லா இடத்திலும் சூத்திரம் கைகொடுக்காது என்பதையும் அது காட்டுவதே. இரண்டாவது வினாவில், முந்திய இரண்டு உறுப்புகளைக் கூட்டி அடுத்ததைப் பெறும் பிபனாச்சித் தொடரில், குறித்த எல்லை வரையுள்ள இரட்டை எண்களைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு மூன்றாவது உறுப்பும் இரட்டையானது. 2, 8, 34, 144 என்று போகும் அந்த உறுப்புகளில், முந்தியதின் நான்கு மடங்குடன் அதற்கு முந்தியதைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும். லூப் அங்கே நீங்கவில்லை, சுருங்குகிறது. பெரிய எண்ணொன்றின் மிகப் பெரிய முதன்மைக் காரணியைக் கேட்கும் மூன்றாவது வினாவிலும், 10001ஆவது முதன்மை எண்ணைக் கேட்கும் ஏழாவது வினாவிலும் லூப் எழுதியே ஆக வேண்டும். சூத்திரத்தின் ருசி கண்ட மாணவர் அங்கேயும் குறுக்குவழி தேடி நேரத்தைச் செலவிடுவார். ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். வகுத்து ஈவையும் மீதியையும் எடுக்கும் எளிய பயிற்சிகள் தொடக்கத்தில் இல்லை. அதனால் 5870 ரூபாயை மிகக் குறைந்த எண்ணிக்கையான தாள்களில் கொடுக்கும் கணக்கைத் தளத்துக்குப் போகுமுன் செய்விக்கிறேன். 5000, 500, 50, 20 ரூபாய்த் தாள்கள் ஒவ்வொன்றும் 100 ரூபாய்த் தாள்கள் மூன்றும் என்று, மீண்டும் மீண்டும் கழிக்காமல் வகுத்தே எடுக்க வேண்டும். வினாக்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு ஒவ்வொன்றையும் கரும்பலகையில் தமிழில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். வினாக்கள் குறுகியவை என்பதால் இது பெரிய வேலையன்று.

சரியான விடையைக் கொடுத்தவருக்கு மட்டுமே அந்த வினாவின் கலந்துரையாடல் பக்கம் திறக்கும். விடைகளை வெளியே பகிர்வதையும் தளம் விரும்புவதில்லை; முதல் 100 வினாக்களுக்கு மட்டும், விடையை மட்டும் கொடுத்துவிடாமல் முறையைக் கற்பிக்கும் நோக்கில் விளக்கலாம் என்று இடமளித்திருக்கிறது. 1000 என்ற எல்லைக்கான விடையை நான் இங்கே எழுதாமல் 100க்கு மட்டும் செய்து காட்டியதும் அதனாலேயே. வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் விடைகளைப் பகிரும் ஆசிரியர்களும் இந்த விதியைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.