கவிதைக்கு உடுக்கா, போன் பீட்டா?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கவிதையை இசையோடு மேடையில் சொல்ல வரும் தம்பி தங்கச்சிமார் இதைத்தான் கேட்கிறார்கள்.

செலவு: பீட், அதாவது பின்னணியில் ஓடும் தாள ஒலி, போனிலேயே செய்யலாம், ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் சரி. உடுக்குக்கு அடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

மழை: ஐப்பசி தொடங்கினால் ஈரத்தில் உடுக்கின் தோல் தளரும், சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும். பீட்டுக்குக் கரண்ட் போனால்தான் பிரச்சினை.

குரலோடு சேர்வது: எனக்கு இதுதான் முக்கியம். நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்த பீட், காணாமல் போன பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது உங்களுக்குத் தொண்டை அடைத்தாலும் நிற்காது, அது தன்பாட்டில் ஓடும். உடுக்குக்காரரோ உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்துவார், அப்புறம் நடுக்கயிற்றை அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கி அடுத்த வரிக்குக் கூட்டிப்போவார்.

வீடியோவுக்கும் வேகமான ராப் நடைக்கும் பீட் எடுங்கள். கோயில் முற்றத்தில், அம்மாமார் முன்னால், ஒப்பாரிச் சாயலில் சொல்வதென்றால் உடுக்குத்தான்.