வேதியியல் ஆசிரியருக்கான மதிப்பீட்டுப் பயிற்சி: பயிலரங்கா, தொடர் குழுப்பணியா?

செய்முறைத் திறன், கருத்துத் தெளிவு, கணக்கீடு ஆகியவற்றைத் தனித்தனியே அளக்காமல், ஒரே வகுப்பறைப் பணியில் சேர்த்து அளக்கும் ஒருங்கிணைந்த மதிப்பீட்டை வடிவமைக்க ஆசிரியர்களைப் பழக்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சில நாள்களில் முடியும் பயிலரங்கு. மற்றொன்று, வேதியியல் ஆசிரியர்கள் பருவம் முழுவதும் அவ்வப்போது கூடி, வினா அமைத்து, வகுப்பில் கொடுத்துப் பார்த்து, மாணவர் விடைகளைக் கொண்டு அதைத் திருத்தும் குழுப்பணி.

அடிப்படைக் கருத்துகளைப் பலருக்கு ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்தப் பயிலரங்கே ஏற்றது. கண்ணால் காணும் நிகழ்வு, துகள் நிலை, குறியீடு என்று 1991-இல் வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் முக்கோணமாகக் காட்டிய மூன்று நிலைகளையும், விடையோடு அதற்கான காரணத்தையும் கேட்கும் ஈரடுக்கு வினாவையும் விளக்க ஒரு நாளே போதும்.

ஆனால் வினா உண்மையில் எதை அளக்கிறது என்பது மாணவர் விடை கைக்கு வந்த பிறகே தெரியும். எடுத்துக்காட்டாக, அமிலத்தோடு காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தின் அளவைக் காணும் அமில-காரத் தரம்பார்த்தலில், பிப்பெட் என்னும் அளவுக்குழாயால் அமிலத்தை அளந்து ஊற்றுவதற்கு முன் கூம்புக் குடுவையில் சிறிது தண்ணீர் தங்கியிருந்தால் பியூரெட் அளவீடு (செலவாகும் காரத்தின் அளவு) மாறுமா, ஏன் என்று கேட்கலாம். அமிலத்தின் மோல் எண்ணிக்கை, அதாவது பொருளின் அளவு, மாறாததால் அளவீடும் மாறாது. இருப்பினும், "அமிலம் நீர்த்துவிடும், எனவே காரம் குறைவாகவே செலவாகும்" என்று எழுதும் மாணவர் உண்டு. செறிவையும் பொருளின் அளவையும் ஒன்றாகக் கருதும் இக்குழப்பம், அமிலம் முழுவதும் வினைபுரிந்து முடியும் முடிவுநிலையைப் பிழையின்றிக் காணும் கைத்திறனுள்ள மாணவரிடமும் இருக்கக்கூடும். அவ்விடைக்கு ஓர் ஆசிரியர் சுழியம் இடுவார்; நீர்த்தலைக் கவனித்ததற்காக இன்னொருவர் பாதி மதிப்பெண் தருவார். இருவரும் விடைத்தாளை நடுவில் வைத்து வாதிடும்போதுதான் மதிப்பீட்டு அளவுகோல் கூர்மை பெறுகிறது என்பது என் உறுதியான கருத்து. மாணவர் விடையே இல்லாத பயிலரங்கில் இந்த வாதத்துக்கு இடமில்லை.

குழுப்பணிக்கு நேரம் மிகுதியாக வேண்டும். பாடவேளை அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்காவிட்டால் அது விரைவில் நின்றுவிடும். வேதியியலுக்கு ஒரே ஆசிரியர் உள்ள பள்ளி, அண்டைப் பள்ளிகளோடு சேர்ந்தே இதைச் செய்ய முடியும்.

மூன்று நாள்கள் மட்டுமே கிடைக்குமென்றால், அவற்றை அடுத்தடுத்து வைக்காமல், முதல் நாளில் வினா அமைத்து, சில வாரம் கழித்து விடைத்தாள்களோடு வரும் ஆசிரியர்களுக்கு எஞ்சிய இரண்டு நாள்களையும் ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.