லேப்ரடார் கலர் டிஎன்ஏ டெஸ்ட்: காசு கொடுக்கலாமா?

வளர்க்க மட்டும் ஒரு குட்டி வாங்குகிறவருக்கு இந்த டெஸ்ட் தண்டச் செலவு. பிரீடிங் செய்கிறவருக்கு மேட்டிங்குக்கு முன்பே கையில் இருக்கவேண்டிய காகிதம்.

லேப்ரடாரின் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றையும் முடிவு செய்பவை பி, இ என்ற இரண்டு மரபணுக்கள். ஒவ்வொன்றிலும் தாய் வழியே ஒன்று, தந்தை வழியே ஒன்று என்று இரண்டு பிரதி. ஓங்கி நிற்கும் வகை பெரிய எழுத்து, அடங்கிப்போகும் வகை சின்ன எழுத்து. பெரிய பி ஒன்று இருந்தாலே கறுப்பு. சின்ன பி இரண்டும் சேர்ந்தால் சாக்லேட். சின்ன இ இரண்டும் சேர்ந்துவிட்டால் பி எதுவானாலும் முடி மஞ்சள்தான். மஞ்சள் பெட்டைக்கும் சாக்லேட் ஆணுக்கும் ஓர் ஈற்றில் அத்தனை குட்டியும் கறுப்பாகப் பிறக்கலாம். ஸ்டட் (இணைசேர்க்கக் கொண்டுவந்த ஆண் நாய்) மேல் சந்தேகப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். சின்ன பி ஒன்று, சின்ன இ ஒன்று என இரண்டையும் ஒளித்து வைத்திருக்கும் கறுப்பு ஜோடி என்றால், 16 பங்கில் 9 கறுப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள் என்பது கணக்கு. பிறப்பதே எட்டுக் குட்டி என்பதால் கணக்கு அப்படியே வராது.

பேனலாக (பல டெஸ்ட் சேர்ந்த தொகுப்பாக) வாங்கினால் ஏழெட்டு மரபணு வரும். லேப்ரடாருக்கு பி, இ, நிறத்தை வெளிறவைக்கும் டி மூன்றும் போதும். தனித்தனியாகக் கொடுக்கும் பரிசோதனைக் கூடத்தில் வாங்குவதே லாபம்.

வாய்க்குள் பிரஷ்ஷால் சாம்பிள் எடுப்பதில்தான் பாதிப் பேர் சொதப்புகிறார்கள். தீனி, தண்ணீர் கொடுத்து அரை மணி நேரமாவது போகட்டும். பால்குடிக் குட்டியைத் தாயிடமிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் தாயின் செல்லும் பிரஷ்ஷில் ஒட்டி ரிப்போர்ட் குழம்பும். உள்கன்னத்தில் 15 விநாடி அழுத்தி உருட்டவேண்டும். எச்சிலை மட்டும் தொட்டெடுத்தால் செல் போதாது. காற்றில் நன்றாக உலர்த்திப் பேப்பர் கவரில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் நம் ஊர் வெக்கைக்குப் பூஞ்சை பிடித்து, 'சாம்பிள் ஃபெயில்' என்று திரும்பி வரும். நாய்ப் பெயரைக் கவரில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன பி ஒரே வகையல்ல. பிஎஸ், பிடி, பிசி என்று முக்கியமாக மூன்று. இரண்டு வெவ்வேறு வகை வந்தால் பெரும்பாலும் சாக்லேட்தான். ஆனால் இரண்டும் ஒரே குரோமோசோமில் உட்கார்ந்திருந்தால் நாய் கறுப்பு. அப்போது காகிதத்தை விட்டுவிட்டு நாயைப் பார்க்கவேண்டும். மஞ்சளில் மூக்கைப் பாருங்கள்: கறுப்பு மூக்கென்றால் பெரிய பி உண்டு, ஈரல் நிறமென்றால் இரண்டும் சின்னது. பிறந்த குட்டியின் மூக்கு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், சில வாரம் பொறுங்கள். மஞ்சள் கிரீமா, ஃபாக்ஸ் ரெட்டா என்பதை இந்த மூன்று டெஸ்டும் சொல்லாது.

டி தான் பணத்துக்கு உண்மையான மதிப்பு. சின்ன டி இரண்டு சேர்ந்தால் சாக்லேட் 'சில்வர்' ஆகும், கறுப்பு 'சார்கோல்', மஞ்சள் 'சாம்பெயின்'. அபூர்வம் என்று விலை ஏற்றி விற்பது இதைத்தான். அமெரிக்கன் கென்னல் கிளப் தரவரையறையில் மூன்று நிறத்துக்கு வெளியே எதுவும் ஷோவில் தகுதியிழப்பு. வெளிறிய நிறத்தில் சில நாய்களுக்கு ஆறு மாதத்துக்கு மேல் முதுகு முடி மெலிந்து உதிரும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஜோடியில் ஒன்றாவது பெரிய டி இரண்டும் உள்ளதாக இருந்தால் குட்டிகளில் இந்த வெளிறிய நிறங்கள் வராது. இரண்டுமே ஒவ்வொரு சின்ன டி சுமந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.