ஆகஸ்டஸ் ஃபோரம் லைட் ஷோ: ரோம் போறவங்க விட்டுடாதீங்க

ரோம்ல முதல் ரோமப் பேரரசர் ஆகஸ்டஸ் கட்டின பொதுச் சதுக்கம்தான் ஆகஸ்டஸ் ஃபோரம், இப்போ இடிபாடு. அதைப் பகல்ல பார்த்தா பாதிப் பேருக்கு ஒண்ணும் புரியாது, மூணு தூண், கொஞ்சம் படிக்கட்டு, பின்னாடி 30 மீட்டருக்கு மேல உயரமா ஒரு கல்சுவர், அவ்ளோதான். ராத்திரி அதே சுவர் மேல ப்ரொஜெக்டர் வெளிச்சம் விழும்போது கி.மு. 2ல திறந்த மார்ஸ்ங்கிற போர்க் கடவுளோட கோயில் மெல்ல மெல்ல எழுந்து நிக்குது பாருங்க, அசந்துட்டேன்!

2014ல, ஆகஸ்டஸ் செத்து 2000 வருஷம் ஆனதை ஒட்டி ஆரம்பிச்ச ஷோ இது. இத்தாலி டிவில அறிவியல் நிகழ்ச்சி நடத்தின பியரோ ஆஞ்செலாவும் இயற்பியலாளர் பாக்கோ லான்சியானோவும் சேர்ந்து பண்ணது. ஹெட்போன்ல மொழி செலக்ட் பண்ணிக்கலாம், தமிழ் இல்ல, இங்லீஷ் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, ஒரு கல்லைக்கூட தொடாம, சிமென்ட் பூசாம, புதுசா தூண் நடாம, வெறும் ஒளிய வச்சே பழைய அளவையும் உயரத்தையும் காட்டிடறாங்க, லைட்ட அணைச்சா இடிபாடு இருந்தபடியே இருக்கும், நாளைக்கு புது ஆதாரம் கிடைச்சா படத்தை மட்டும் மாத்திக்கலாம். அந்தப் பெரிய சுவர் எதுக்குன்னும் புரிஞ்சுது, பின்னாடி நெருக்கமா இருந்த சுபுரா குடியிருப்புல தீப்பிடிச்சா இந்தப் பக்கம் பரவாம தடுக்கத்தானாம்.

ஒரே ஒரு குறை. எது ஆதாரத்தோட வரைஞ்சது, எது ஊகம்னு கலர்லயாவது பிரிச்சுக் காட்டியிருக்கலாம், ஏன்னா கண்ணு பார்த்ததை மனசு அப்படியே நம்பிடுது. பக்கத்துல ஜூலியஸ் சீசர் கட்டின ஃபோரத்துலயும் இதே மாதிரி ஒரு ஷோ வச்சாங்க, அது நடந்துகிட்டே பாக்குறது. ஒண்ணுதான் முடியும்னா ஆகஸ்டஸ் போங்க, இப்போ ஷோ நடக்குதான்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, பகல்லயும் ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்துட்டுப் போங்க.