கொடை கோடையாகாமல் இருக்க: 4கே திரையில் தமிழ் டிடிபி வேலை

அம்மன் கோயில் கொடை நோட்டீஸில் ‘கொடை விழா’ ‘கோடை விழா’ என்று அச்சாகி வந்துவிட்டால், வரி கொடுத்த ஊர்க்காரர்கள் முன்னால், கணினியில் அச்சுப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் டிடிபி கடைக்காரர் நிற்க முடியாது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னச் சுழி. திரையில் எழுத்து மங்கினால் முதலில் அமுங்குவது அந்தச் சுழிதான். அடுத்தது புள்ளி. ‘இசக்கி’யில் புள்ளி விட்டுப்போனதும், ரகரம் அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் விழுந்ததும் மங்கலான திரையில் கண்ணுக்குத் தட்டுப்படாது. அதனால் 27 அங்குல 4கே (3840×2160 பிக்சல்) திரையை நெடுநாள் புழங்கிய பிறகு சொல்ல இருப்பது இதுதான்: எழுத்து சிறிதாக இருந்தால் சமாளிக்கலாம், மங்கலாக இருக்கக் கூடாது.

முதலில் கணக்கு. எழுத்தையும் மெனுவையும் திரையில் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பதற்கான அளவுதான் விண்டோஸின் ‘ஸ்கேல்’. அதில் 100% என்பது அங்குலத்துக்கு 96 திரைப் புள்ளி (பிக்சல்). 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் அங்குலத்துக்கு 92 வரும், 100% போதும். 15.6 அங்குல ஃபுல் எச்டி லேப்டாப்பில் 141. 27 அங்குல 4கே திரையில் 163. அதை 96ஆல் வகுத்தால் 1.7. ஆக 175% வைக்கலாம், கிட்டத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 150% போதும். 43 அங்குல 4கே டிவியை மானிட்டராகப் போட்டிருந்தால் 102தான், ஸ்கேலிங்கே தேவையில்லை. ஆனால் டிவியில் வேறு தொல்லை உண்டு. அந்த இன்புட்டை ‘பிசி’ என்று மாற்றாவிட்டால் நிறத் தகவலைக் குறைத்துக் காட்டும், சிவப்பு எழுத்து ஈரத்தாளில் மை பட்டதுபோல் கசியும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே வெறும் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், மவுஸ் இழுபடும். 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும்.

எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனை 2560×1440க்கு இறக்குவது பலர் செய்யும் தப்பு. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக நீட்ட வேண்டியிருப்பதால் திரை முழுதும் மங்கிவிடும். ரெசல்யூஷன் 3840×2160லேயே இருக்கட்டும், ஸ்கேலை மட்டும் மாற்றுங்கள்.

அதற்குப் பிறகும் சில மென்பொருள்கள் அடம்பிடிக்கும். எது என்ன ரகம் என்று தெரிந்துகொள்ள டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸில் ‘டிபிஐ அவேர்னஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு; அது மென்பொருளுக்குத் தெரியுமா என்பதை இந்தக் காலம் காட்டும். ‘அன்அவேர்’ என்று வந்தால், விண்டோஸ் அதை 96 புள்ளிக் கணக்கில் வரையவிட்டு, அந்தப் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்குகிறது. மங்கலுக்குக் காரணம் அதுதான். ‘எனக்கு டிபிஐ தெரியும்’ என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாதவை இன்னொரு ரகம். அவற்றில் மெனுவும் ஐகானும் கடுகாகத் தெரியும். 2012இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்6, ஜாவா 8இல் ஓடும் நிரல்கள் எல்லாம் இந்தச் சாதி. 125%இல் சிறிதாகவே நின்று, 150%இல் திடீரென இரு மடங்கு ஆவதும் உண்டு. கியூட்டி 5 என்ற நிரல் கருவித்தொகுப்பில் எழுதியவை அளவை முழு எண்ணாக்கிக்கொள்வதால் வரும் கோளாறு அது.

மருந்து ஒரே இடத்தில் இருக்கிறது. மென்பொருளின் எக்ஸி கோப்பில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. அடியில் ‘ஓவர்ரைடு’ கட்டத்தை டிக் செய்தால் மூன்று வழி தெரியும். ‘அப்ளிகேஷன்’ என்றால் விண்டோஸ் கை வைக்காது: கூர்மை இருக்கும், அளவு சிறுக்கும். ‘சிஸ்டம்’ என்றால் இழுத்துப் பெரிதாக்கும்: அளவு சரி, கூர்மை போகும். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ 2017 விண்டோஸ் 10 அப்டேட்டில் வந்தது. ஜிடிஐ என்ற விண்டோஸின் பழைய வரைமுறை வழியாக வரையும் எழுத்தை மட்டும் பெரிய அளவில் புதிதாக வரையும், படங்களும் ஐகான்களும் பழையபடி மங்கும். கணக்கு மென்பொருள், பில் போடும் மென்பொருளுக்கு இதை முதலில் போட்டுப் பாருங்கள். கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ‘சிஸ்டம்’ பக்கம் போகலாம்.

பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7க்கு எங்கள் ஓட்டு ‘அப்ளிகேஷன்’ பக்கம். கருவிப்பெட்டி சுண்டைக்காய் ஆகிவிடும், உண்மைதான். ஆனால் கை ஷார்ட்கட்டில் ஓடுகிறவருக்கு அது குறையே இல்லை. பக்கத்தைக் கண்ட்ரோல் 2 அடித்து 200%இல் வைத்துப் புரூஃப் பார்த்தால் புள்ளியும் சுழியும் தெளிவாக நிற்கும். சிஎஸ்6க்கு ‘சிஸ்டம்’ போட்டால் மெனு படிக்க வரும், ஆனால் போட்டோவும் சேர்ந்து மங்கும். ஸ்டுடியோ வேலைக்கு அது உதவாது. பழைய 24 அங்குலத் திரையைப் பக்கத்தில் 100%இல் வைத்து, சிஎஸ்6ஐ அதில் ஓட்டுவதே மேல்.

இரண்டு திரை வைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மென்பொருள்கள், உள்நுழையும்போது எது மெயின் டிஸ்ப்ளேயோ அதன் அளவையே பிடித்துக்கொள்ளும். மற்றத் திரைக்கு இழுத்தால் மங்கும். எந்தத் திரையில் தமிழ் வேலையோ அதை மெயின் ஆக்கி, சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள்; மாற்றினால் மட்டும் போதாது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓட, வெளித்திரை மட்டும் அணைந்தால், எல்லா ஜன்னலும் லேப்டாப் திரைக்குத் தாவி அளவு குழம்பும். வெளித்திரையின் பிளக்கையும் யூபிஎஸ்ஸில் மாட்டுவது எந்த செட்டிங்கையும்விட நல்லது.

நாள்பட்ட புழக்கத்தில்தான் தெரியவரும் சங்கதி ஒன்று: இந்த ஓவர்ரைடு எக்ஸி கோப்பின் முழுப் பாதையோடு சேர்த்துப் பதிவாகிறது. அப்டேட்டில் ஃபோல்டர் பெயர் மாறினால் செட்டிங் போய்விடும். ஜாவாவில் அடிக்கடி இப்படி ஆகும். வேறு யூசரில் நுழைந்தாலும் இருக்காது. ‘சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்’ வழியாகப் போட வேண்டும்.

அக்ஸெசிபிலிட்டியில் உள்ள ‘டெக்ஸ்ட் சைஸ்’ 225% வரை போகும். எழுத்து மட்டும் பெருத்து, கட்டம் அப்படியே இருந்தால், தமிழில் ‘சூ’வின் வால் கீழேயும் ‘கீ’யின் சுழி மேலேயும் வெட்டுப்படும். 110 தாண்டாதீர்கள். எக்செலில் காலம் அகலம் திரைப் புள்ளிக் கணக்கில் முழுமையாவதால், ஸ்கேலை மாற்றிய பிறகு பக்கப் பிரிவு நகர்ந்திருக்கும். அச்சுக்குக் கொடுக்குமுன் பிரிண்ட் பிரிவ்யூ பாருங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும், வழக்கமாக அடிக்கும் எழுத்துருவில் 10 பாயிண்டில் இந்த வரியை அடித்துப் பாருங்கள்: கொடை கோடை, இசக்கி இசககி, பாரம் பாாம், கணம் கனம். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, ஜோடி ஜோடியாக வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்த பிறகே வேலையை அந்தத் திரைக்கு மாற்றுங்கள்.