ஊசிக்கு பில் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள்

அமெரிக்காவில் கைக்குழந்தை வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். மகளின் ஒரு வயது செக்கப்பில் எங்களுக்கு நடந்தது இது.

டாக்டர் வந்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், எடை நன்றாக ஏறியிருக்கிறது என்றார், கிளம்பிவிட்டார். ஐந்து நிமிடம்கூட இருக்காது. அப்புறம் மெடிக்கல் அசிஸ்டென்ட் ஒருவர் தட்டில் நான்கு ஊசிகளோடு வந்தார். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா), சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, நிமோகாக்கல். தொடைக்கு இரண்டாகப் போட்டு, பொம்மை போட்ட பிளாஸ்டர் ஒட்டினார். "காய்ச்சல் வருமா?" என்று என் மனைவி கேட்டதற்கு, "எல்லாம் இதில் இருக்கிறது" என்று நான்கு தாள்களை டயப்பர் பையில் செருகிவிட்டுப் போய்விட்டார். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தாள்களை ஊசி போடும் முன்பே தந்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் இரவு குழந்தைக்கு 103 டிகிரி. ஒரு வாரம் தாண்டிவிட்டதால் ஊசி எங்கள் நினைவிலேயே இல்லை. பதறிப்போய் அர்ஜென்ட் கேருக்கு ஓடினோம். எம்எம்ஆர் காய்ச்சல் அப்படித்தான், 7 முதல் 12 நாள் கழித்து வரும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். செக்கப் அன்றைக்கு என் மனைவி கேட்டது இந்த ஒரு பதிலைத்தான்.

அடுத்த மாதம் செக்கப் செய்த கிளினிக்கிலிருந்து 186 டாலருக்கு பில் வந்தது. செய்த ஒவ்வொரு வேலைக்கும் இன்சூரன்ஸுக்கு ஒரு எண் போட்டு அனுப்புவார்கள், அதுதான் கோட். அந்தக் கோட் வாரியாகப் பட்டியல் கேட்டு வாங்கினேன். ஊசிக்கு ஒன்றாக 90460 நான்கு முறை, ஒரே ஊசியில் வரும் கூடுதல் நோய்களுக்கு 90461 இரண்டு முறை. எம்எம்ஆர் ஒரே ஊசியில் மூன்று நோய்க்கு என்பதால் அந்தக் கூடுதல் இரண்டு, எண்ணிக்கை சரிதான். ஆனால் 90460, டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற தகுதியுள்ளவரோ பெற்றோரிடம் தடுப்பூசி பற்றிப் பேசி விளக்கியிருந்தால் மட்டுமே போடக்கூடிய கோட். வெறுமனே ஊசி போட்டால் முதல் ஊசிக்கு 90471, அடுத்தடுத்த ஊசிகளுக்கு 90472. யாரும் பேசாத பேச்சுக்கு எங்கள் இன்சூரன்ஸிடம் காசு கேட்டிருக்கிறார்கள். அந்த இரவை நினைத்தபோது வயிறு எரிந்தது.

சரி, அந்த 186 டாலர் எதற்கு? செக்கப்புக்கான 99392. ஒரே நாளில் செக்கப்பும் ஊசியும் என்றால் செக்கப் கோடோடு, அது தனி வேலை என்று காட்டும் மாடிஃபையர் 25 என்ற குறியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சேர்க்கவில்லை. இன்சூரன்ஸ் மறுத்ததும் அதை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இன்சூரன்ஸ் அனுப்பிய இஓபியில் (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்குத் தாள்) நாங்கள் கட்ட வேண்டியது 0 என்று தெளிவாக இருந்தது. கிளினிக் நெட்வொர்க்கில் (நம் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில்) இருந்தால், அதற்கு மேல் நம்மிடம் கேட்கக் கூடாது. அதனால் கிளினிக் பில்லையும் இஓபியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கார்டை எடுக்காதீர்கள்.

மூன்று முறை போன் செய்த பிறகு மாடிஃபையர் சேர்த்துத் திரும்ப அனுப்பினார்கள். பாக்கி 0 ஆனது. 90460-ஐத் திருத்தச் சொல்லி கிளினிக்குக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. 15 மாத ஊசிக்கு வேறு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டோம்.