சோயாவை ஊறவைத்தேன், தண்ணீர் ரோஸ் கலரில் வந்தது

மும்பையில் சோயா, கடலை, பருப்பு என்று எதையாவது மூட்டைக் கணக்கில் ஆன்லைனில் வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் போடுங்கள். எனக்குப் போனது 1,05,000 ரூபாய். பன்னிரண்டு நாள் ஆகிறது, கோபம் ஆறவில்லை. அதனால் வரிசையாகச் சொல்வேனா என்று தெரியாது. யாரிடம் எப்படி வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஆன்டாப் ஹில் பக்கம் ஒரு சின்ன காலாவில் (பட்டறைக் கூடம்) டோஃபுவும் (சோயா பனீர்) சோயாப் பாலும் போடுகிறேன். நானும் கூட இரண்டு பெண்களும்தான். தினம் 25 கிலோ சோயா ஊறும். காலை நாலு மணிக்கு அரைத்து, காய்ச்சி, துணியில் பிழிந்து, பாலைத் திரியவைத்து அழுத்தினால் ஒன்பதுக்குள் சயான் கோலிவாடா, மாட்டுங்கா பக்கத்துக் கடைகளுக்கு டெலிவரி போய்விடும். பிழிந்த சக்கையை ஆரே காலனியில் தபேலா (மாட்டுக் கொட்டகை) வைத்திருக்கிற ஒருவர் எருமைகளுக்கு எடுத்துப் போவார். இந்த எருமைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷமாக வாஷி தானிய மார்க்கெட்டில் ஒரே தலாலிடம், அதாவது தரகரிடம்தான் வாங்கி வந்தேன். மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி, நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, அப்புறம்தான் விலையே பேசுவேன். காய்ந்த சோயா கடக்கென்று இரண்டாகப் பிளக்கும். ஈரமாக இருந்தால் நசுங்கும். இவ்வளவு தெரிந்த நானா ஏமாந்தேன் என்றுதான் வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். ஆமாம், நான்தான்.

வாஷியை விட்டதற்குக் காரணம் இருந்தது. தலால் கமிஷன், ஹமால் (மூட்டை தூக்குகிறவர்) கூலி, டெம்போ வாடகை எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு எங்கேயோ போய் நிற்கிறது. போதாததற்கு 2025 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் மராத்வாடா பகுதியில் கொட்டிய மழையில் லாத்தூர், தாராஷிவ், பீட் பக்கமெல்லாம் அறுப்புக்கு நின்ற சோயா தண்ணீரில் கிடந்தது. வாஷிக்கு வந்த சரக்கில் பாதி கறுத்திருந்தது. அந்தப் பருவத்துக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். சந்தையில் விவசாயிக்குக் கிடைத்ததோ அதைவிடக் குறைவு. ஈரம், கறுப்பு, உடைசல் என்று ஒவ்வொன்றுக்கும் பிடித்தம் வேறு. சரி, விவசாயியிடமிருந்தே நேராக வாங்கினால் அவருக்கும் இரண்டு காசு கூடக் கிடைக்கும், நமக்கும் நல்ல சரக்கு வரும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான்.

அப்போதுதான் இந்த ஆப். பெயர் சொல்லப் போவதில்லை. விவசாயியையும் வாங்குகிறவரையும் நேரடியாகச் சேர்க்கிறோம், தரம் நாங்களே பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் வகை. இந்த மாதிரி இப்போது நிறைய இருக்கிறது. 'சுத்தம் செய்து தரம் பிரித்த சோயா, லாத்தூர் மாவட்டம், ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள்' என்று போட்டிருந்தான். நம்பரைப் பதிந்த பத்தாவது நிமிஷம் போன் வந்தது. பேசியவன் இந்தியில்தான் ஆரம்பித்தான். என் இந்தியைக் கேட்டதும், "அக்கா, தமிழா? எந்த ஊருக்கா?" என்றான்.

திருநெல்வேலி என்றேன்.

"அட, நமக்கு நாங்குநேரிக்கா!"

முப்பது வருஷமாக மும்பையில் இருக்கிறவளுக்கு நாங்குநேரி என்று ஒருத்தன் சொன்னால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் சரக்கை விசாரிக்கவில்லை. அவன் எப்போது இங்கே வந்தான், சாப்பாடெல்லாம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குடோனிலிருந்து வீடியோ காலில் வந்தான். பின்னால் கூரை வரை மூட்டை. ஒரு கை அள்ளிக் காட்டினான், முத்து மாதிரி இருந்தது. "கடிச்சுக் காட்டவாக்கா?" என்று கேட்டு ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான். கடக் என்ற சத்தம் போனில் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் விழுந்தேன். என் பல்லால் கடித்துப் பார்க்க வேண்டியதை அவன் பல்லை நம்பி விட்டுவிட்டேன். ஈரப்பத மீட்டரில் 9.8 என்று காட்டும் போட்டோவும் வந்தது.

20 குவிண்டால், குவிண்டால் 4,900 ரூபாய், லாரிச் செலவு 7,000. மொத்தம் 1,05,000. முழுப் பணமும் முன்னாடியே. "பயப்படாதீங்கக்கா, பணம் ஆப்புலதான் இருக்கும். சரக்கு வந்து நீங்க ஓகே சொன்னாத்தான் அவங்களுக்குப் போகும்" என்றான். தீபாவளிக்கு வந்த வசூலும், மகன் காலேஜுக்கு எடுத்து வைத்ததில் கொஞ்சமும் சேர்த்துப் போட்டேன்.

சரக்கு ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. 50 கிலோ மூட்டை நாற்பது. சந்துக்குள் வண்டி நிற்க இடமில்லை, பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன். ஓடிபி சொன்னால்தான் இறக்குவேன் என்று டிரைவர் நிற்கிறான். முன்னால் இருந்த இரண்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். அருமையான சரக்கு. ஓடிபியைச் சொல்லிவிட்டேன். அந்த ஓடிபிதான் நான் சொன்ன 'ஓகே' என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த இரண்டு மூட்டையும் நாலு நாளுக்கு ஓடியது. டோஃபு நன்றாக இறுகி வந்தது. நாங்குநேரித் தம்பிக்கு நானே போன் போட்டு நன்றி சொன்னேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது நாள் மூன்றாவது மூட்டை. ராத்திரி எட்டு மணிக்கு இந்தப் பெண்கள் கொட்டி ஊறவைத்துவிட்டுப் போனார்கள். விடிகாலை நாலுக்கு வந்து மூடியைத் திறக்கிறேன். சோயா ஊறிய தண்ணீர் எப்படி இருக்கும்? லேசான மஞ்சள், மேலே கொஞ்சம் நுரை. இது ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. முதலில் டிரம்மில் ஏதாவது துணி கிடந்து சாயம் விட்டதோ என்று கையை விட்டுத் துழாவினேன். துணி இல்லை. ஒரு பிடி அள்ளி டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தால், சோயாவின் கண் இருக்குமே, அந்த இடத்திலும் தோல் வெடித்த கோட்டிலும் ரோஸ் சாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூட்டைகளைப் பிரித்தேன். மேலே ஒரு படி நல்லது, கீழே போகப் போகக் கறுத்தது, உடைந்தது, மண், கூடவே வெளிறிய ரோஸ் மணிகள். கடித்துப் பார்க்கப் பயந்து நகத்தால் அழுத்தினேன். நசுங்கியது.

அன்றைக்குக் காலையிலேயே ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வாஷிக்குப் போனேன். பழைய தலால் பார்த்த உடனே டப்பாவை மூடிவிட்டார். "இது விதைம்மா" என்றார்.

அவர் சொன்னது இது. விதைக்கு விற்கிற சோயாவில் பூஞ்சைக் கொல்லி மருந்து பூசியிருப்பார்கள், பெரும்பாலும் தைரம் மாதிரியான மருந்து. யாரும் தெரியாமல் சாப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் அதில் சாயமே கலக்கிறார்கள். உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்று விதைப் பையிலேயே அச்சடித்திருக்க வேண்டும். சோயா விதைக்குத் தோல் மெல்லிசு, முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். சான்று விதை என்றால் நூற்றுக்கு 70 ஆவது முளைக்க வேண்டும். ஜூன், ஜூலை விதைப்பில் விற்காமல் தங்கியது அடுத்த வருஷத்துக்குப் பெரும்பாலும் தேறாது. அப்படிச் செத்த விதையை யாரோ கழுவி, மழையில் நனைந்த புதுச் சரக்கோடு கலந்து தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. மாதிரியை லேபில் கொடுத்திருக்கிறேன், ரிப்போர்ட் வரவில்லை. எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்ததே போதும்.

அவருடைய மீட்டரில் ஈரம் 17 சதவீதம் காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீதம் என்று சொன்ன சரக்கு 17 என்றால், 20 குவிண்டாலில் ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல் வெறும் தண்ணீர். தண்ணீரையும் குவிண்டால் 4,900 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். ஆனால் அது பெரிய விஷயமே இல்லை. ஈரத்தை வெயிலில் காயவைக்கலாம். சாயத்தை என்ன செய்ய? எந்த மூட்டையில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாததால் 38 மூட்டையும் வீண். அன்றைக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி பார்க்காமல் அரைத்திருந்தால்? சக்கை அந்த எருமைகளுக்குப் போயிருந்தால்? முதல் இரண்டு மூட்டையில் தண்ணீர் மஞ்சளாகத்தான் இருந்தது, நானே தினமும் பார்த்தேன். ஆனாலும் ராத்திரி படுத்தால் அதுதான் ஓடுகிறது.

அப்புறம் ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு.

முதல் நாள்: "அப்படியாக்கா? போட்டோ அனுப்புங்க, இன்னைக்கே பேசிடுறேன்."

மூன்றாம் நாள்: "மேடம், மூட்டை பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேணும், நடுவுல கட் ஆகாம." அக்கா மேடமாகிவிட்டதைக் கவனியுங்கள். சந்தில் ஹாரன் அடிக்க, ராத்திரி பதினொன்றரைக்கு யார் வீடியோ எடுப்பார்கள்?

ஐந்தாம் நாளிலிருந்து அவன் எடுக்கவில்லை. வேறொரு பெண் இந்தியில் பேசினாள். 48 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டுமாம். ஓடிபி கொடுத்தால் சரக்கை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம். மும்பைக் காற்றில் ஈரம் ஜாஸ்தி, உங்கள் காலாவில்தான் ஏறியிருக்கும் என்றாள். சரி, ரோஸ் கலரும் மும்பைக் காற்றில்தான் ஏறியதா என்று கேட்டேன். "சில ரகத்துக்கு இயற்கையாகவே நிறம் விடும்" என்றாள்! ஆறு வருஷமாக சோயாவோடு குடித்தனம் நடத்துகிறவளிடம்.

அதற்கப்புறம், நாங்கள் வெறும் மேடைதான், விற்றவரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். விற்றவர் நம்பர் கேட்டால் தனியுரிமையாம். கடைசியில் அடுத்த ஆர்டரில் 2,000 ரூபாய் கழிவு தருகிறோம் என்று ஒரு கூப்பன் வந்தது. நான் அதைத் தொடவே இல்லை. மறுநாள் என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று ஆப்பில் பச்சை டிக்.

நல்லதாக வந்த இரண்டு மூட்டையைக் கழித்தால் நஷ்டம் ஒரு லட்சம்தானே என்று தங்கை கேட்டாள். நாலு நாள் காலா மூடிக் கிடந்தது, லேப் செலவு, ஹமால் கூலி, இரண்டு கடை ஆர்டர் கைவிட்டுப் போனது, இதையெல்லாம் யார் கூட்டுவார்கள்? 1,05,000. நான் அப்படித்தான் சொல்வேன்.

முந்தாநாள் வீட்டுக்காரர் தன் நம்பரிலிருந்து புதுசாகப் பதிந்தார். பத்து நிமிஷத்தில் போன், அதே குரல். ஸ்பீக்கரில் போட்டோம். "அண்ணாச்சி, தமிழா? எந்த ஊரு?" இவர் வேண்டுமென்றே கும்பகோணம் என்றார். "அட, நமக்கும் அந்தப் பக்கம்தான், பாபநாசம்!" அரை மணியில் மீட்டர் போட்டோவும் வந்தது. அதே 9.8, ஓரத்தில் அதே நகம் கடித்த கட்டைவிரல். நான் போனைப் பிடுங்கி, "தம்பி, நாங்குநேரி எப்ப கும்பகோணம் பக்கம் வந்துச்சு?" என்றேன். வைத்துவிட்டான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பொறுமை இல்லை. வாஷி டெம்போ வேறு வந்துவிட்டது. அவசரத்துக்கு இது: முழுப் பணம் முன்னால் போடாதீர்கள். நடு மூட்டை, அடி மூட்டை என்று குத்தூசி விட்டு எடுத்துப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள், டிரைவர் கத்தட்டும். ஒரு பிடியை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அரை மணி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று சொல்லி விரட்டுவார்கள், சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. நான் புகார் பதிந்திருக்கிறேன். ஊர் பேரைச் சொல்லிப் பேசுகிறவனிடம் தெருப் பேரைக் கேளுங்கள்.

38 மூட்டையும் இன்னும் காலாவில்தான் இருக்கிறது. குப்பையில் கொட்டலாம் என்றால் தெரு மாடு வந்து வாய் வைக்குமே என்று பயம். மேலே தார்ப்பாய் போட்டு மூடி, தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் விஷம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதை முறையாக எங்கே கொடுத்து அழிக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.